மார்கழிக்கு ஐந்து கறுப்புக் கட்டைகள் போதும்!

"டிசம்பருக்கு ஒரு பாட்டு லிஸ்ட் போட்டுடும்மா. மொத்தம் பத்து. கிறிஸ்துமஸுக்கு அஞ்சு, மார்கழிக்கு மூணு, நியூ இயருக்கு ரெண்டு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஷெட்யூல் பண்ணிடலாம்."

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தக் குரல் பழக்கமானது. பொங்கலுக்குக் கோலம், கோடைக்கு மோர், டிசம்பருக்குப் பாட்டு. வருஷம் மாறும், லிஸ்ட் மாறாது. 2024 நவம்பர் கடைசி வாரத்தில் அப்போது வேலை பார்த்த இடத்தில் அந்த லிஸ்ட்டை எழுதியவள் நான்தான். நாற்பது நிமிடத்தில் முடித்துவிட்டேன். முதல் இடம் ஜிங்கிள் பெல்ஸுக்கு. 'கிறிஸ்துமஸ் என்றதும் காதில் ஒலிக்கும் பாடல்' என்று பக்கத்தில் ஒரு வரி.

எட்டு வருஷம் பியானோ கற்றுக்கொண்டவள் நான். அந்த லிஸ்ட்டில் இருந்த பாட்டுகளில் பாதியை என் கையால் வாசித்திருக்கிறேன். ஆனாலும் அதை எழுதும்போது ஒரு பாட்டைக்கூட மனசுக்குள் ஓட்டிப் பார்க்கவில்லை. அதுவே ஒரு தப்புதான் என்று எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

டிசம்பர் 1, ஞாயிறு. எனக்கு ஷிஃப்ட். முந்தின நாள் ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையேறிய ஃபெஞ்சல் புயல், எங்கள் ஊர்ப் பக்கம் வந்து மழையைக் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர் என்றால் திருவண்ணாமலை. சாயங்காலம் ஒரு செய்தி வந்தது. அண்ணாமலையார் மலையின் அடிவாரத்தில், வ.உ.சி. நகரில், மண் சரிந்து பாறை உருண்டு ஒரு வீட்டின் மேல் விழுந்திருக்கிறது. உள்ளே ஏழு பேர்.

அப்பாவுக்கு போன் போட்டேன். போகவில்லை. அம்மாவுக்குப் போகவில்லை. எங்கள் வீடு அங்கே இல்லை, தேரடித் தெருப் பக்கம். அது தெரிந்தும் கை நடுங்கியது. நடுங்கிக்கொண்டே லைவ் அப்டேட் போட்டேன். 'மீட்புப் பணி தீவிரம்.' 'மழையால் மீட்புப் பணியில் சிக்கல்.' அதற்கு நடுவில், சரியாக ஷெட்யூல் செய்த நேரத்துக்கு, என் பாட்டு லிஸ்ட் தானாக வெளியே போனது. முகப்பில் மலையடிவாரத்து மண் படம். அதற்குக் கீழே சாண்டா தொப்பி போட்ட என் லிஸ்ட்.

எடுத்துவிடலாமா என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அடுத்த அப்டேட் போட வேண்டியிருந்தது.

அந்த ஏழு பேரும் உயிரோடு வரவில்லை. அதில் குழந்தைகளும் இருந்தார்கள். அந்த எண்ணிக்கையைத் தலைப்பில் நான்தான் மாற்றினேன்.

டீச்சரின் காலண்டர்

நாலு நாள் கழித்து டீச்சர் போன் செய்தார். எனக்கு பியானோ சொல்லிக்கொடுத்தவர். இப்போது எழுபதை நெருங்குகிறார். வீட்டு ஹாலில் ஒரு பழைய அப்ரைட் பியானோ. கோலார் தங்க வயலில் வேலை பார்த்த அவருடைய அப்பா அங்கிருந்து லாரியில் கொண்டுவந்தது. சுரங்கம் 2001-ல் மூடிவிட்டது. பியானோ இன்னும் பேசுகிறது.

பேசுகிறது என்று சும்மா சொல்லவில்லை. மழைக்காலத்தில் பியானோவின் குரல் நிஜமாகவே மாறும். உள்ளே இருக்கும் ஒலிப்பலகை மரம். காற்றில் ஈரம் கூடினால் மரம் உப்பும், கம்பிகள் இழுபடும், சுருதி கொஞ்சம் ஏறும். பங்குனி வெயிலில் மரம் சுருங்கினால் இறங்கும். ஐப்பசி பிறந்ததும் டீச்சர் பியானோவின் அடிப்பாகத்தில் ஒரு சீரோ வாட் பல்பை எரியவிடுவார். "அதுக்கும் குளிரும்ல" என்பார் எங்களிடம். சின்ன வயசில் அதை நம்பினேன். இப்போதும் பாதி நம்புகிறேன்.

அந்த ஹாலில் இன்னொரு விசேஷம், சுவரில் தொங்கும் மாதக் காலண்டர். ஒவ்வொரு மாதத் தாளின் மேலும் பென்சிலால் ஒரு பாட்டின் பெயர் எழுதியிருக்கும். அந்த மாதம் வகுப்புக்கு வரும் எல்லாப் பிள்ளைகளும், கிரேடு பரீட்சைக்குப் படிப்பவர்களும் சரி, நேற்றுச் சேர்ந்த பொடிசுகளும் சரி, அந்தப் பாட்டை அவரவருக்கு வந்த அளவில் வாசித்தாக வேண்டும்.

அக்னி நட்சத்திரத்தில், அதுவும் எங்கள் அக்னித் தலத்தில், அமிர்தவர்ஷிணி ராகத்தின் ஐந்து சுரங்கள். எட்டயபுரத்தில் முத்துசுவாமி தீட்சிதர் அந்த ராகத்தில் பாடி மழையை வரவழைத்தார் என்று சொல்வார்கள் அல்லவா, அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்லித்தருவார். எங்களுக்கு ஒரு நாள்கூட மழை வந்ததில்லை. பவர்கட்தான் வந்திருக்கிறது.

நவராத்திரிக்கு அதே தீட்சிதரின் நோட்டுஸ்வரப் பாடல் ஒன்று. வெள்ளைக்கார பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார் தீட்சிதர். இங்கிலாந்து ராஜாவுக்கான வாழ்த்துப் பாட்டின் மெட்டுகூட அதில் உண்டு. இருநூறு வருஷத்துக்கு முன்பே இந்த ஊர்க் காதும் அந்த ஊர் மெட்டும் கைகுலுக்கிக்கொண்டன. அதெல்லாம் சங்கராபரணம். பியானோவில் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக அழுத்தினால் வருவது. அதனால் கொலு வைக்கும் வீட்டுக்குச் சுண்டலுக்குப் போகும் ஆறு வயசுப் பிள்ளையும் வாசித்துவிடலாம்.

கார்த்திகைக்கு அருணகிரிநாதர். எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்வதில் எங்களுக்கு எப்போதும் பெருமை. அவருடைய திருப்புகழின் சந்தத்தை இடது கையால் தாளமாகத் தட்டச் சொல்வார் டீச்சர். விரல் பின்னிக்கொள்ளும்.

"இது என் ஐடியா இல்லம்மா" என்று ஒருமுறை சொன்னார். ரஷ்யாவில் ஒரு இசைப் பத்திரிகை, 1876-ம் வருஷத்து இதழ்களுக்காக, மாதம் ஒரு பியானோ துண்டு எழுதித்தரச் சொல்லி சைக்கோவ்ஸ்கியைக் கேட்டது. ஜனவரிக்கு ஒன்று, பிப்ரவரிக்கு ஒன்று என்று பன்னிரண்டு எழுதினார். வீட்டில் பியானோ வைத்திருந்த வாசகர்கள் மாதா மாதம் இதழைப் பிரித்து அந்த மாதத்துக்கான இசையை வாசித்தார்கள். இன்று 'பருவங்கள்' என்ற பெயரில் உலகம் முழுக்க வாசிக்கப்படும் தொகுப்பு அது. பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு இந்தக் கதை எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. அந்தப் பத்திரிகை ஆசிரியரும் என் டெஸ்க் அண்ணன் மாதிரிதானே ஒருநாள் "டிசம்பருக்கு ஒண்ணு வேணும்" என்று சொல்லியிருப்பார்!

சரி, போனுக்கு வருகிறேன்.

"உன் லிஸ்ட்ட பார்த்தேன்மா" என்றார். எனக்கு வயிறு கலங்கியது.

"ஸாரி டீச்சர். அது முன்னாடியே போட்டு வச்சது. அந்த நேரத்துல…"

"அத விடு. ஜிங்கிள் பெல்ஸ கிறிஸ்துமஸ் பாட்டுன்னு எழுதியிருக்கியே. அதுல கிறிஸ்துமஸ் எங்கம்மா இருக்கு?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. 1857-ல் ஜேம்ஸ் பியர்பாண்ட் என்ற அமெரிக்கர் வெளியிட்ட பாட்டு அது. ஒற்றைக் குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டியில் ஊர் சுற்றுவதைப் பற்றியது. இயேசுவும் இல்லை, மாட்டுத்தொழுவமும் இல்லை, சாண்டாவும் இல்லை. எட்டு வருஷம் வாசித்தவளுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

"தீபத்துக்கு வருவல்ல? வந்தா வீட்டுக்கு வா. பிள்ளைங்க விஷயமா ஒண்ணு பேசணும்" என்று வைத்துவிட்டார்.

தீபமும் ஒரு கேள்வியும்

12-ம் தேதி ராத்திரி கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். மறுபடியும் மழை. மறுநாள் தீபம்.

வழக்கமாக தீபத்தன்று ஊர் எப்படி இருக்கும் என்று வந்தவர்களுக்குத் தெரியும். காலை நாலு மணிக்குப் பரணி தீபம். சாயங்காலம் அர்த்தநாரீஸ்வரர் சில நிமிடம் மட்டும் வெளியே வந்து ஆடிவிட்டு உள்ளே போவார். ஆறு மணிக்கு, 2,668 அடி உயர மலை உச்சியில் மகா தீபம். அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் வீடுகளில் விளக்கேற்றுவோம். அந்த வருஷம் பக்தர்கள் யாரையும் மலை மேல் விடவில்லை. கொப்பரையும் நெய்யும் திரியும் கொண்டுபோக வேண்டியவர்கள் மட்டும் ஏறினார்கள். மலையே ஈரமாகவும் இளகியும் இருந்தது.

மாடியில் ஆயா, அம்மா, நான் மூவரும் நின்றோம். மேகம் மூடிக்கிடந்தது. தீபம் தெரிந்ததும் ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "அந்தப் பசங்களையும் நீதாம்பா பாத்துக்கணும்" என்றது. வேறெதுவும் கேட்கவில்லை. எல்லா வருஷமும் ஆயாவின் வேண்டுதல் பட்டியல் நீளமானது. எனக்கு மாப்பிள்ளை பார்ப்பது அதில் மூன்றாவதாக வரும்.

மறுநாள் சனிக்கிழமை டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஹாலில் பிள்ளைகளின் அம்மா அப்பா ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் இதுதான். ஒவ்வொரு டிசம்பர் கடைசிச் சனிக்கிழமையும் டீச்சர் வீட்டில் பிள்ளைகள் எல்லாரும் ஆளுக்கொரு பாட்டு வாசிப்பார்கள். கேக்கும் உண்டு, சுண்டலும் உண்டு. இந்த வருஷம் வேண்டாம் என்றார் ஓர் அப்பா. "ஊர்ல இப்படி நடந்திருக்கு. நாம பாட்டுக் கச்சேரி வச்சா நல்லா இருக்காது டீச்சர்." இன்னொரு அம்மா, "பசங்க ராத்திரி மழை சத்தம் கேட்டாலே எழுந்துக்கிறாங்க. ஒரு நாளாவது சிரிக்கட்டுமே" என்றார். இரண்டும் நியாயம். எனக்கு எதன் பக்கம் பேசுவது என்றே தெரியவில்லை.

பியானோ ஸ்டூலில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். ஒன்பது வயசு. மலையடிவாரத் தெரு ஒன்றில் அவன் வீடு. அங்கிருந்து எல்லாரையும் கிளப்பி முகாமுக்கு மாற்றியதில் இவன் குடும்பமும் போயிருந்தது. பிறகு அத்தை வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வீட்டுக்குள் புகுந்த சேற்றில் அவனுடைய கீபோர்டு போய்விட்டது. அக்டோபரிலிருந்து அவன் பயிற்சி செய்தது ஒரே ஒரு பாட்டு. ஜிங்கிள் பெல்ஸ். இரண்டு கையும் சேர்த்து வாசிக்க, போன வாரம்தான் வந்திருக்கிறது.

பெரியவர்கள் பேசுவதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் கேட்டான். "அப்ப நான் இத எப்ப வாசிக்கிறது மிஸ்?"

யாரும் பதில் சொல்லவில்லை.

ஆயா பாட, டீச்சர் வாசிக்க

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

நான் ஆறாவது படிக்கும்போது ஒரு மார்கழியில் ஆயா என்னை டீச்சர் வீட்டில் விட வந்தது. விடிகாலை கோயிலுக்குப் போய்விட்டு வந்த கையோடு, நெற்றி நிறைய விபூதி. திண்ணையில் உட்கார்ந்து திருவெம்பாவையை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. பியானோ வாசித்துக்கொண்டிருந்த டீச்சர் நிறுத்திவிட்டு வெளியே வந்தார்.

"அம்மா, அத உள்ள வந்து கொஞ்சம் சத்தமா பாடுங்களேன்."

ஆயா தயங்கியது. "இது சாமி பாட்டு டீச்சரம்மா. இந்தப் பொட்டில எல்லாம் வருமா?"

"வருதா பாப்போம்."

மாணிக்கவாசகர் திருவெம்பாவையைப் பாடியது எங்கள் ஊரில்தான் என்பது மரபு. கிரிவலப் பாதையில், மலைக்குப் பின்னால், ஆதி அண்ணாமலைப் பக்கம் போனால் அவருக்கென்று ஒரு கோயிலே உண்டு. விடியற்காலையில் பெண்கள் ஒருவரையொருவர் எழுப்பி நீராடப் போவதாக அமைந்த இருபது பாடல்கள். அதோடு பத்துப் பாடல் கொண்ட திருப்பள்ளியெழுச்சியும் சேர்ந்தால் மார்கழியின் முப்பது நாளுக்கு முப்பது. அந்தப் பக்கம் ஆண்டாளின் திருப்பாவையும் முப்பது. திருப்பாவைக்கு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நாளுக்கொரு ராகமாக அமைத்துக்கொடுத்தார். திருவாசகத்தை மோகனத்தில் பாடுவது ஓதுவார்களின் பழைய வழக்கம். திருவெம்பாவையை வேறு ராகங்களில் பாடுகிறவர்களும் உண்டு. ஆயாவுக்குக் காதில் விழுந்தது மோகனம்தான்.

ஆயா பாடியது. டீச்சர் ஒரு விரலால் தேடினார். சுருதி கிடைத்ததும் சிரித்துவிட்டார். வெள்ளைக் கட்டைகளை விட்டுவிட்டு, கறுப்புக் கட்டைகளில் மட்டும் விரல் நடந்தது.

உங்கள் வீட்டில் கீபோர்டு இருந்தால் இதை இப்போதே செய்து பாருங்கள். போனில் இருக்கும் பியானோ செயலி போதும். கறுப்புக் கட்டைகள் மூன்றும் இரண்டுமாகக் கூட்டம் கூட்டமாக இருக்கும். மூன்று சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கட்டை 'ச'. அடுத்தது 'ரி'. மூன்றாவது 'க'. பக்கத்தில் இரண்டாக இருப்பதில் முதலாவது 'ப', இரண்டாவது 'த'. அதற்கு மேல் மறுபடியும் 'ச'. ஐந்தே கட்டை, அதுதான் மோகனம். வெள்ளையில் விரல் படாத வரை தப்பு சுரம் விழவே விழாது.

பியானோவில் கமகம் வராது என்பது உண்மை. வீணையில் கம்பியை இழுத்தால் சுரம் வளையும், பியானோவில் கட்டை அழுத்தினால் அழுத்தியதுதான். அதனால் நம் ராகங்கள் பல அதில் முகம் கொடுக்க மறுக்கும். மோகனம் அப்படிப் பிகு செய்யாது. சுரத்தை நேராக நிறுத்தினாலும் யாரென்று தெரிந்துவிடும். சென்னை மேடைகளில் பியானோ கலைஞர் அனில் ஸ்ரீநிவாசனும் பாடகர் சிக்கில் குருசரணும் சேர்ந்து கச்சேரி செய்யும்போது கவனித்திருப்பீர்கள். பாட்டு வளையும் இடத்தில் பியானோ வளைய முயலாது, பக்கத்தில் நின்று வெளிச்சம் பிடிக்கும். மாணிக்கவாசகருக்கு மேற்கத்திய இசைக்குழு ஒத்துவருமா என்ற கேள்விக்கு, 2005-ல் இளையராஜா புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவை வைத்துத் திருவாசகத்தை வெளியிட்டு பதில் சொல்லிவிட்டார். எங்கள் ஊர்த் திண்ணையில் அந்தக் கேள்விக்கு ஆயா சொன்ன பதில் இன்னும் சுருக்கம். "பொட்டி நல்லாதான் பாடுது."

அதற்கு அப்புறம்தான் டீச்சர் எங்களுக்கு இன்னொன்றைக் காட்டினார். அதே ஐந்து கட்டையில், அதே 'ச'வை வைத்துக்கொண்டு, வேறொரு மெட்டு. டிசம்பர் 31 ராத்திரி உலகம் முழுக்கப் பாடுகிற 'ஆல்டு லாங் சைன்'. ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1788-ல் எழுதியனுப்பிய பாட்டு. பழைய சிநேகிதத்தை மறக்கலாமா என்று கேட்கும் பாட்டு. தாகூர் அந்த மெட்டில் வங்காளத்தில் ஒன்று எழுதியிருக்கிறார். ஜப்பானில் கடை சாத்தும் நேரத்தில் இந்த மெட்டைப் போடுவார்களாம்.

பிறகு மூன்றாவது ஒன்று. 'அமேசிங் கிரேஸ்'. அதுவும் அதே ஐந்து. பாட்டை எழுதியவர் ஜான் நியூட்டன். ஒரு காலத்தில் அடிமைகளை ஏற்றிய கப்பலின் கேப்டன். பின்னாளில் பாதிரியாராகி எழுதியது. இறப்பு வீட்டிலும் பாடுவார்கள், நன்றி சொல்லவும் பாடுவார்கள்.

விடியலுக்கு ஒன்று, வருஷ முடிவுக்கு ஒன்று, துக்கத்துக்கு ஒன்று. மூன்றும் ஐந்து கறுப்புக் கட்டையில். அந்த வருஷத்திலிருந்து காலண்டரின் டிசம்பர் தாளில் டீச்சர் பாட்டுப் பெயர் எழுதுவதில்லை. ஐந்து கறுப்புக் கோடு போட்டுவிடுவார்.

டிசம்பர் 28

வகுப்பு நடந்தது. கச்சேரி என்று பெயர் வைக்கவில்லை. கேக் இல்லை, சுண்டல் மட்டும். அலங்கார விளக்கு இல்லை. வேண்டாம் என்று சொன்ன அந்த அப்பாவும் வந்து கடைசியில் நின்றுகொண்டார்.

ஆளுக்கொரு பாட்டு என்ற வழக்கத்தை டீச்சர் மாற்றியிருந்தார். எல்லாருக்கும் ஒரே மெட்டு. பன்னிரண்டு பிள்ளைகள், வரிசையாக வந்து, 'அமேசிங் கிரேஸ்' மெட்டின் ஒவ்வொரு துண்டை வாசித்துவிட்டு எழுந்துபோக, அடுத்தவர் அதிலிருந்து தொடர வேண்டும். சின்னதுகள் ஒரு விரலில், பெரியவர்கள் இரண்டு கையில். நடுநடுவே இடைவெளி விழுந்தது. யாரும் கைதட்டவில்லை, தட்ட வேண்டாம் என்று முன்பே சொல்லியிருந்தார். பிறகு ஆயா எழுந்து பியானோவுக்குப் பக்கத்தில் போய் நின்று திருவெம்பாவையிலிருந்து இரண்டு பாட்டு பாடியது. எழுபத்தெட்டு வயசுக் குரல், அங்கங்கே மூச்சு வாங்கியது. மூச்சு வாங்கிய இடத்தில் டீச்சர் 'ச'வை மட்டும் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

நான் எதுவும் வாசிக்கவில்லை. கடைசி ஆறு வருஷமாக நான் பியானோவைத் தொடவில்லை, விரல் மறந்திருக்கும் என்று எனக்கே பயம். பிள்ளைகளுக்குச் சுண்டல் பிரித்துக் கொடுத்தேன். டீச்சர் என்னைப் பார்த்து, "ஷெட்யூல் பண்ணாம ஒண்ணு வாசிக்கிறியா?" என்று கேட்டார். சிரித்துச் சமாளித்தேன்.

ஜிங்கிள் பெல்ஸ் பையன் தன் துண்டை ஒழுங்காக வாசித்தான். முடித்ததும் டீச்சரிடம் போய் மறுபடியும் காதில் ஏதோ கேட்டான். டீச்சர் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி பதில் சொன்னார். "அந்தப் பாட்டு கிறிஸ்துமஸுக்கு எழுதினதே இல்லடா. வண்டி கட்டிக்கிட்டு ஊர் சுத்துற பாட்டு. மணி கட்டுன மாடு போற நாள் நம்ம ஊர்ல எது?"

அவன் ஒரு நொடி யோசித்துவிட்டுக் கத்தினான். "மாட்டுப் பொங்கல்!"

வண்டிப் பாட்டு

அந்த வருஷம் ஜனவரி 13-ல் போகியும் ஆருத்ரா தரிசனமும் ஒரே நாளில் வந்தன. மலை மேல் எரிந்த தீபத்தின் கொப்பரையிலிருந்து எடுத்த மையை, ஆருத்ரா அன்று நடராஜருக்குச் சாத்திய பிறகு பக்தர்களுக்குக் கொடுப்பார்கள். ஆயா ஒரு பொட்டலம் பத்திரப்படுத்திக்கொண்டு, மாட்டுப் பொங்கலன்று அதை டீச்சர் வீட்டுக்கு எடுத்துவந்தது. பையன் நெற்றியில் ஒரு தீற்று. டீச்சரிடமும் நீட்டி, "உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?" என்று கேட்டது. டீச்சர் வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

அவர்கள் வீட்டைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, அந்த வாரம்தான் திரும்பக் குடிபோயிருந்தார்கள். பையனின் அம்மா ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். வீட்டுக்குள் இன்னும் சேற்று வாடை போகவில்லை என்றார். மழை பெய்தால் ராத்திரி தூங்குவதில்லை என்றார். அதையெல்லாம் ஒரு பாட்டு சரிசெய்துவிடாது. அதை யாரும் அங்கே நினைக்கவும் இல்லை.

அவன் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து ஜிங்கிள் பெல்ஸை ஆரம்பித்தான். இரண்டு கையும் சேர்த்து. தெருவில் கொம்புக்குச் சாயம் பூசிய மாடுகள் இரண்டு மணியோசையோடு போய்க்கொண்டிருந்தன. அதைக் கேட்டதும் அவனுக்கு வேகம் கூடிவிட்டது. தாளம் எங்கேயோ போனது. கடைசி வரியில் இடது கை ஒரு தெருவிலும் வலது கை ஒரு தெருவிலும் போய்ச் சேர்ந்தன. ஆயா, "நல்லா வண்டி ஓட்றான்" என்றது. அந்த வீட்டில் டிசம்பர் 1-க்குப் பிறகு எல்லாரும் சத்தம் போட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

இப்போது மறுபடியும் மார்கழி. மறுபடியும் லிஸ்ட் கேட்டிருக்கிறார்கள். இந்த முறை பத்து இல்லை, என்னிடம் நாலுதான் இருக்கிறது.

விடியற்காலையில் திருவெம்பாவை, மோகனத்தில். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களைப் பாடச் சொல்லி, நீங்கள் கறுப்புக் கட்டையில் தேடுங்கள். வருஷ முடிவில், ரொம்ப நாளாகப் பேசாத ஒரு சிநேகிதருக்கு போன் போட்டுவிட்டு, 'ஆல்டு லாங் சைன்'. இந்த வருஷம் யாரையாவது இழந்த வீடு என்றால், கொண்டாட்டம் ஏதும் இல்லாமல், ஒரு விரலில் 'அமேசிங் கிரேஸ்'. நாலாவது ஜிங்கிள் பெல்ஸ். கிறிஸ்துமஸுக்கும் வாசிக்கலாம், கேக்கோடு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மாட்டுப் பொங்கலன்று தெருவில் மாடு வரும்போது ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

போன வாரம் ஊருக்குப் போனபோது டீச்சர் வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ஸ்டூலில் உட்கார்ந்தேன். உள்ளே சீரோ வாட் பல்பு எரிந்துகொண்டிருந்தது. மூன்று கட்டையில் முதல் கட்டை, 'ச'. விரல் எதையும் மறக்கவில்லை. கொஞ்சம் மெதுவாக ஞாபகப்படுத்திக்கொண்டது, அவ்வளவுதான். பாதியில் சமையலறையிலிருந்து டீச்சரின் குரல் வந்தது. வீட்டில்தான் இருந்திருக்கிறார்.

"ரெண்டாவது வரியில வெள்ளைக் கட்டை பட்டுச்சு. திரும்ப வாசி."